கூட்டு மருந்து மையத்தில் மனநலம்: சீட்டு எழுதி அனுப்பினால் போதுமா?

2025 மார்ச் 17, இரவு 9.12 | திருவொற்றியூர் நர்ஸ்

இணைப்பு ஏ.ஆர்.டி. மையத்துல வேலை, அதாவது எச்.ஐ.வி. உள்ளவங்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கிற கிளை மையம். மாத்திரை வாங்க வர்றவங்க நிறைய பேர் தூக்கம் இல்ல, சாப்பிடப் பிடிக்கல, எதுக்கு இருக்கணும்னு தோணுதுன்னு சொல்றாங்க. நாங்க பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். போறாங்களான்னு தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் மனநல டாக்டர் ஒருத்தர் இங்கேயே வந்து உட்கார்ந்தா பிரச்சினை முடிஞ்சிடும். மத்த ஏற்பாடெல்லாம் தாள் நிரப்புற வேலைதான்னு நான் சொல்றேன். யாராவது மறுக்கிறீங்களா?

மார்ச் 17, இரவு 11.40 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

மறுக்கிறேன் சிஸ்டர். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரை முதல் படியில் நிறுத்துவதைத்தான் மறுக்கிறேன்.

கணக்கு போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், 3 மணி நேரம். புதிதாக வருபவருக்கு 20 நிமிடம் என்றால் 9 பேர். அந்த 9 பேர் யார் என்று யார் முடிவு செய்வது? அழுகிறவரும் சத்தம் போடுகிறவரும் உள்ளே போவார்கள். பச்சைப் புத்தகத்தை, அதாவது தன் சிகிச்சைப் பதிவேட்டை நீட்டி, மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர் அப்படியே போய்விடுவார். மனச்சோர்வு முற்றியவர்களில் பலர் இந்த இரண்டாவது வகை.

சீட்டு ஏன் கரையேறுவதில்லை என்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. இன்னொரு நாள் கூலி போகும். மறுபடி ஓ.பி. சீட்டு, மறுபடி வரிசை, மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். சென்னையில் "கீழ்ப்பாக்கம் அனுப்புறாங்க" என்றால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஏற்கனவே ஒரு ரகசியத்தைச் சுமப்பவரிடம் இரண்டாவது ரகசியத்தையும் கொடுக்கிறோம். பக்கத்திலேயே மையம் இருந்தும், எண்ணூரில் ரயிலேறி பீச்சில் மாறி தாம்பரம் சானடோரியம் வரை போய் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. தெரிந்த முகம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அவ்வளவு தூரம் போகிறவர், மனநலப் பிரிவு என்று பலகை தொங்கும் வாசலில் போய் நிற்பாரா?

அதே கட்டடம், அதே நாள், அதே கோப்பு, அதே ஆள். இந்த நான்கும் கிடைத்தால்தான் சிகிச்சை தொடங்கும் என்பது என் தரப்பு.

மார்ச் 18, காலை 7.05 | திருவொற்றியூர் நர்ஸ்

சரி மேடம். எங்க கிட்ட இருக்கிறது ஒரு ரூம், நடுவுல ஒரு திரை, வாரத்துல மூணு நாள் ஆற்றுப்படுத்துநர். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

மார்ச் 18, இரவு 10.20 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

பின்னாலிருந்து ஆரம்பியுங்கள். கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் தயாராக வேண்டும். ஒன்று, மனச்சோர்வு மருந்து ஒன்றாவது உங்கள் அலமாரியில் இருக்க வேண்டும், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அன்றே எடுத்துவர வழி வேண்டும். இரண்டு, சந்தேகம் வந்தால் போனில் கேட்க ஒரு மனநல மருத்துவரின் எண்ணும், அவர் எடுப்பதாக ஒப்புக்கொண்ட நேரமும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவை இதற்குத்தான் பிடிக்க வேண்டும். மூன்று, தற்கொலை எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்னால் அடுத்த பத்து நிமிடம் யார் என்ன செய்வது என்று சுவரில் ஒட்டிய ஒரு தாள். இந்த மூன்றும் இல்லாமல் கேள்வி கேட்பது கொடுமை. புண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டுப் போடாமல் அனுப்புகிற வேலை அது.

அதற்குப் பிறகு கேள்வி. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க பி.எச்.க்யூ.-2 என்ற இரண்டே கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. இல்லவே இல்லை 0, சில நாட்கள் 1, பாதி நாட்களுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அதே இருக்கையில் பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் பெரிய தாள். அது 27-க்கு. 5 முதல் 9 லேசு, 10 முதல் 14 நடுத்தரம், 15 முதல் 19 சற்றுக் கடுமை, 20-உம் அதற்கு மேலும் கடுமை. 10-ஐத் தொட்டால் வேலை தொடங்க வேண்டும்.

"சில நாட்கள்", "பாதி நாட்கள்" என்று பிரித்துச் சொல்லப் பலருக்கும் வராது. 14 கட்டம் போட்ட ஒரு அட்டையை நீட்டி, எத்தனை கட்டம் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் காட்டிவிடுவார்.

60 பேர் வரும் நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். அதில் 10 பேருக்குப் பெரிய தாள் தேவைப்பட்டால் தலா 5 நிமிடம், இன்னொரு 50 நிமிடம். இது நடக்காது. எனவே எல்லோரையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம். மருந்து தொடங்கி ஒரு மாதத்தில், வைரஸ் அளவு பார்க்கும் 6-ஆம் மாதத்தில், 12-ஆம் மாதத்தில், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பரிசோதனையோடு சேர்த்து. இடையில் தேதி தவறி வந்தவர், மாத்திரை மிச்சம் வைத்திருப்பவர், வைரஸ் அளவு 1000-க்கு மேல் வந்தவர், புதிதாகக் காசநோய் மருந்து தொடங்கியவர், கர்ப்பிணி, பிள்ளை பெற்று ஆறு மாதத்துக்குள் இருப்பவர், துணையை இழந்தவர். இவர்களைத் தேதி பார்க்காமல் கேளுங்கள்.

மார்ச் 18, இரவு 10.48 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

விட்டுப்போனது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் முடிவு சொல்லும் அன்றைக்கே இந்தத் தாளை நீட்டாதீர்கள். அன்று யாருக்கு மதிப்பெண் ஏறாது? அன்று கேட்க வேண்டியது இரண்டு: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, இன்று இரவு கூட யார் இருப்பார்கள். தாளை இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்துப் போடுங்கள்.

மார்ச் 20, மதியம் 2.15 | மருந்தாளுநர், பெரம்பூர்

மருந்துப் பக்கம் நான் சொல்கிறேன். மேலே "ஒரு மருந்தாவது" என்று மேடம் எழுதியிருக்கிறார். எந்த மருந்து என்பது அவர் எந்தக் கூட்டு மருந்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இப்போது பெரும்பாலானவர்கள் டி.எல்.டி.: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50, தினமும் ஒரு மாத்திரை. இதனோடு ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ராலின், எசிடலோபிராம் மூன்றுமே சண்டை போடாது. ஃபுளுவாக்ஸெடின் காலையில் 20 மி.கி. எசிடலோபிராம் என்றால் முதல் வாரம் 5, பிறகு 10.

டொலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். இரவு மாத்திரை போட்டுவிட்டு மூன்று மணி வரை விழித்திருப்பவரைப் பார்த்தால் முதலில் மாத்திரையைக் காலைக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பினால் மனச்சோர்வு மருந்தே தேவைப்படாமல் போகலாம். பழைய எஃபாவிரென்ஸ் 600 இன்னும் யாருக்காவது ஓடினால் கெட்ட கனவு, தலைசுற்றல், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் அதைச் சந்தேகப்பட வேண்டும். மருத்துவரிடம் மாற்றச் சொல்லுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய சேர்க்கைகள் வேறு. கார்பமசெபின் டொலுடெக்ராவிரை ரத்தத்தில் குறைத்துவிடும். வலிப்புக்கோ மனநிலைக்கோ வெளியே யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள், இங்கே சொல்ல மாட்டார்கள். மாற்று இல்லையென்றால் டொலுடெக்ராவிர் 50 காலையும் இரவும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடினாலும் அதே இரட்டிப்பு. இரண்டாம் வரிசை அடாசனாவிர், ரிடோனாவிர் எடுப்பவருக்கு அல்பிரசோலம் உடம்பில் வெகுநேரம் தங்கும், அமிட்ரிப்டிலின் அளவு ஏறும், குவெட்டியாபினைத் தொடவே வேண்டாம், எசிடலோபிராம் கொடுப்பதானால் ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு. டெனோஃபோவிரோடு லித்தியம் சேர்ந்தால் இரண்டும் சிறுநீரகத்தில் வந்து நிற்கும்.

மார்ச் 20, இரவு 8.30 | திருவொற்றியூர் நர்ஸ்

சார், இங்க நிறைய பேர் மெடிக்கல்ல போய்த் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறாங்க. அதுவும் மனசுக்கான மருந்துதானே, ரெண்டு வாரம் ஓடட்டும்னு விட்டுடலாமா?

மார்ச் 20, இரவு 9.55 | மருந்தாளுநர், பெரம்பூர்

வேண்டாம் சிஸ்டர். தூக்க மாத்திரை தூங்க வைக்கும், மனச்சோர்வைக் குறைக்காது. சில வாரத்திலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும். தினமும் போட்டுப் பழகியவர் என்றால் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வு மருந்து கொடுக்கும்போது கவுன்டரிலேயே சொல்ல வேண்டியவை: முதல் பத்து நாள் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் இருக்கலாம், பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், நன்றாக ஆன பிறகும் 9 மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது ஒரு மாதம் எடுத்துக் குறைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் 12-ஆம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். சில பேர் கூட்டு மருந்தையும் சேர்த்து நிறுத்துவார்கள். எந்த மாத்திரையால் வயிறு புரட்டுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் இரண்டு புது மருந்தை ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள்.

மார்ச் 22, காலை 6.40 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

மருந்து கொடுக்கும் ஜன்னலில் அந்த விளக்கத்தைச் சொல்ல முடியாது சார். பின்னால் நிற்பவர் காதில் விழும். விளக்கம் திரைக்கு உள்ளே, மாத்திரை மட்டும் ஜன்னலில். முடிந்தால் அதையும் கூட்டு மருந்து தரும் அதே உறையில் போட்டுக் கொடுங்கள். தனி உறை, தனி வரிசை என்றாலே கேள்வி வரும்.

மார்ச் 25, இரவு 11.10 | மனநல மேற்படிப்பு மாணவர்

நடுவில் நுழைகிறேன். எல்லாவற்றையும் மனசுக்கு ஏற்றிவிடாதீர்கள் என்பதைச் சொல்லத்தான்.

பி.எச்.க்யூ.-9-இல் தூக்கம், அசதி, பசி, கவனம் என்று உடம்பைப் பற்றிய கேள்விகள் இருக்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இவை வேறு காரணத்தாலும் ஏறும்: சிடோவுடினால் வரும் ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, வெளியே தெரியாத காசநோய். முதல் இரண்டு கேள்வியை வைத்து வடிகட்டாமல் நேராகப் பெரிய தாள் போட்டு, மதிப்பெண் 12, ஆனால் ஆர்வமின்மைக்கும் சோகத்துக்கும் 0 என்றால் முதலில் ரத்தம் பாருங்கள், சளி பாருங்கள்.

ஆபத்தானது இன்னொன்று. சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணு எண்ணிக்கை 100-க்குக் கீழ் இருப்பவர், பத்து நாளாகத் தலைவலி, கொஞ்சம் காய்ச்சல், இரண்டு நாளாக உளறல். வீட்டில் "பைத்தியம் பிடிச்ச மாதிரி பேசுறான்" என்று கூட்டி வருவார்கள். இவரை மனநலப் பிரிவுக்குத் தள்ளினால் உயிர் போகும். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல், காசநோய் மூளைக்காய்ச்சல், டாக்ஸோபிளாஸ்மா இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பரிசோதனை, ஸ்கேன், தண்டுவட நீர். அன்றே சேர்க்கை. நாள், கிழமை, இடம் கேளுங்கள். நேரத்துக்கு நேரம் பதில் மாறி, விழிப்பும் மயக்கமும் மாறி மாறி வந்தால் அது மனநோய் அல்ல, மூளை அல்லது உடல் நோய்.

காசநோய் தடுப்புக்கு ஐசோனியசிட் தொடங்கியவருக்குப் புதிதாகச் சந்தேகமும் குரல் கேட்பதும் வந்தால் மருந்தால் வந்ததா என்று யோசியுங்கள். மருத்துவர் சொல்லி நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

மறதி என்று வருபவருக்கு மூன்று சின்னச் சோதனை. நான்கு சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் 5 விநாடியில் எத்தனை முறை தட்டுகின்றன என்று எண்ணுங்கள். முஷ்டி, உள்ளங்கை, கையின் பக்கவாட்டு என்று மேசையில் மாற்றி மாற்றி வைப்பதை 10 விநாடியில் எத்தனை சுற்று செய்கிறார் என்று பாருங்கள். பிறகு அந்த நான்கு சொல். ஒவ்வொன்றும் 4 மதிப்பெண், மொத்தம் 12. 10 அல்லது குறைவு என்றால் மேல் பரிசோதனை.

மார்ச் 26, காலை 7.20 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

மேலே மாணவர் எழுதியதைச் சுவர்த் தாளின் முதல் வரியாகப் போடுங்கள் சிஸ்டர்: காய்ச்சல், தலைவலி, உளறல் மூன்றில் இரண்டு இருந்தால் கேள்வித்தாள் வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடு.

ஏப்ரல் 9, இரவு 8.45 | திருவொற்றியூர் நர்ஸ்

ஆரம்பிச்சிட்டோம். ஆனா பெரிய தாள்ல ஒன்பதாவது கேள்வியை, அதான் சாகணும்னு தோணுதான்னு கேட்கிறதை, எங்க ஆற்றுப்படுத்துநர் கேட்கவே பயப்படுறாங்க. கேட்டா நாமளே அந்த எண்ணத்தை விதைச்ச மாதிரி ஆயிடுமாம். "ஆமா"ன்னு சொல்லிட்டா போலீஸ் கேஸ் ஆகுமான்னும் கேட்கிறாங்க.

ஏப்ரல் 9, இரவு 11.30 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

இரண்டும் ஆகாது. கேட்பதால் எண்ணம் வருவதில்லை. கேட்கப்பட்டவருக்கு ஒரு ஆறுதல்தான் வருகிறது. சட்டமும் தெளிவு: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயற்சி செய்தவரையே கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்று கருதச் சொல்கிறது. எண்ணத்தைச் சொன்னவர் மீது வழக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த ஒன்பதாவதுக்கு 0 தவிர எது வந்தாலும் நான்கு கேள்வி, இதே வரிசையில். எண்ணம் மட்டுமா, எப்படி என்றும் யோசித்தீர்களா? அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா? எப்போது என்று நினைத்தீர்களா? முன்னால் எப்போதாவது முயற்சி செய்ததுண்டா?

எண்ணம் மட்டும் என்றால் அன்றே பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதுங்கள், அவருடைய வார்த்தையில். எந்த மாதிரி நேரத்தில் இது தோன்றுகிறது, அப்போது தனியாகச் செய்யக்கூடியது என்ன, யார் வீட்டுக்குப் போகலாம், யாரிடம் விஷயத்தைச் சொல்லலாம், எந்த எண்ணைக் கூப்பிடலாம். டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104-உம் உண்டு. எச்.ஐ.வி. பற்றிய கேள்விக்கு 1097. வீட்டில் ஆபத்தானதை யார் எடுத்து வைப்பது என்பதும் அதே தாளில். மறுநாள் ஒரு போன், ஒரு வாரத்தில் நேரில்.

திட்டமோ, கையில் பொருளோ, முன் முயற்சியோ இருந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது, கழிப்பறைக்குக்கூட. அன்றே மனநல மருத்துவர். கூட ஒரு ஆள் போக வேண்டும். சீட்டை மட்டும் கையில் கொடுத்துப் பேருந்தில் ஏற்றக் கூடாது. மாத்திரை மூன்று மாதத்துக்குக் கொடுக்கும் வழக்கம் இவருக்கு வேண்டாம், ஒரு வாரத்துக்கு மட்டும். அமிட்ரிப்டிலின் மாதிரி அளவு மீறினால் இதயத்தைப் பிடிக்கும் மருந்தை இவரிடம் கொடுத்தனுப்பவே வேண்டாம்.

வீட்டாரைக் கூப்பிடும்போது எச்.ஐ.வி. என்ற சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. "மனசு ரொம்பச் சோர்ந்து இருக்காங்க, தனியா விடாதீங்க" என்பது போதும். அவர் சம்மதமில்லாமல் நோயைச் சொல்வது 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டத்துக்கு விரோதம். சிகிச்சை தரும் இன்னொரு மருத்துவருக்கு, சிகிச்சைக்குத் தேவையென்றால் சொல்லலாம். அப்போதும் அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 13, மாலை 5.10 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

நாளை மறுநாள் தடைக்காலம் தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டு ஆட்களை ஆண்டு முழுக்க நமக்குப் பிடிக்க முடியாது. படகில் போனால் பல நாள் கழித்துத்தான் கரை. இந்த 61 நாளில் அவர்கள் ஊரில் இருப்பார்கள். வைரஸ் அளவு, கேள்வித்தாள், பேச்சு மூன்றையும் இந்த இரண்டு மாதத்தில் வையுங்கள்.

ஆனால் இதே இரண்டு மாதத்தில்தான் கையில் காசில்லை, கடன், வீட்டில் சண்டை, குடி. குடியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

குடிப்பவர் மாத்திரையை விடுவதற்குப் பெரிய காரணம் போதை மறதி என்று நினைக்கிறோம். பாதிக் காரணம் நாம் சொன்ன அறிவுரை. "குடிச்சிட்டு மாத்திரை போடாதே" என்று யாரோ ஒருமுறை சொல்லியிருப்பார்கள். அவர் அதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்: குடிக்கிற நாளெல்லாம் மாத்திரை இல்லை. வாரத்தில் நான்கு நாள் குடித்தால் நான்கு நாள் மருந்து போச்சு. சொல்ல வேண்டியது: குடிக்காமல் இருப்பது நல்லது, ஆனால் குடித்தாலும் மாத்திரையை விடாதே. டி.எல்.டி.யைக் காலைக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கலே பாதி போகும்.

ஆடிட் என்ற பத்துக் கேள்வி, 40-க்கு. 8 முதல் 15 வரை சிறு ஆலோசனை, 5 நிமிடம். 16 முதல் 19 வரை பல முறை பேச வேண்டும். 20 அல்லது அதற்கு மேல் என்றால் அடிமை நிலையைச் சந்தேகியுங்கள். இவரிடம் "இன்னையோட விட்டுடு" என்று சத்தியம் வாங்காதீர்கள். கடைசிக் குடியிலிருந்து 6 மணி நேரத்தில் நடுக்கம், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் உளறலும் வரலாம். மருத்துவமனையில் வைத்து, தயாமின் கொடுத்து நிறுத்த வேண்டிய ஆள் அவர்.

ஏப்ரல் 14, காலை 9.00 | மருந்தாளுநர், பெரம்பூர்

சேர்த்துக்கொள்ளுங்கள்: குடிப்பவர்கள் வயிற்றெரிச்சலுக்கு டானிக் குடிப்பார்கள். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அந்த டானிக் டொலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏற விடாது. டானிக்குக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோ கூட்டு மருந்து. கர்ப்பிணியின் இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளி. முடியாவிட்டால் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டையும் ஒன்றாகப் போடலாம். டானிக்குக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஏப்ரல் 28, இரவு 10.05 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

பேச்சு சிகிச்சையைப் பற்றி இன்னும் எழுதவில்லை. மருந்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நடுத்தர அளவில் இருக்கும் பெரும்பாலோரை மறந்துவிடுவோம். 10 முதல் 14 வரை வந்தவருக்கு முதலில் பேச்சுதான்.

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் நட்பு பெஞ்ச் என்று ஒன்று 2006-இல் தொடங்கியது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் தொடங்கினார். சுகாதார நிலையத்து வளாகத்தில் ஒரு மர பெஞ்ச். அதில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் பாட்டிமார். ஆறு சந்திப்பு. 2016-இல் வெளியான ஆய்வில் 573 பேர், அவர்களில் சுமார் 40 சதவீதம் எச்.ஐ.வி. உள்ளவர்கள். பெஞ்சில் பேசியவர்கள் ஆறு மாதம் கழித்து வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். நம் கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வந்தது: பி.எச்.க்யூ.-9 14-க்கு மேல் இருந்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பு இல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு சந்திப்பில் பலன் காட்டினார்கள். வடக்கு உகாண்டாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களை ஆண் பெண் தனித்தனியாக 10, 12 பேர் குழுவாக எட்டு வாரம் உட்கார வைத்தார்கள், சிறு வருமானத்துக்கான பயிற்சியும் அதிலேயே. எங்குமே மனநல மருத்துவர் முதல் படியில் இல்லை என்பதைக் கவனியுங்கள் சிஸ்டர்.

செய்முறை கடினமில்லை. முதல் சந்திப்பில் அவரை அழுத்தும் எல்லாவற்றையும் ஒரு தாளில் பட்டியல் போடச் சொல்லுங்கள். கடன், மாமியாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், தூக்கமின்மை. அதில் ஒன்றை அவரே எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் உங்கள் பிரச்சினை ஆகிவிடும். அந்த ஒன்றுக்கு நல்லது கெட்டது பார்க்காமல் நான்கைந்து வழி. ஒரு வழியைப் பிடித்து, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு செயல், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று. "கடனை அடைப்பேன்" செயல் அல்ல. "வியாழக்கிழமை காலை குழுத் தலைவியைப் பார்த்துத் தவணையை ஒரு மாதம் தள்ளக் கேட்பேன்" செயல். அடுத்த முறை வந்ததும் அதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். செய்யவில்லை என்றால் திட்டாதீர்கள், செயலை இன்னும் சின்னதாக்குங்கள்.

பிழை எங்கே நடக்கிறது? நாம் அறிவுரை சொல்லத் தொடங்கும் இடத்தில். "குழந்தைங்களை நினைச்சுப் பாருங்க", "சாமியைக் கும்பிடுங்க", "உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க". இந்த மூன்றையும் ஆற்றுப்படுத்துநர் மேசையில் இருந்தே விலக்க வேண்டும். எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், திரும்பி வர மாட்டார்.

ஏப்ரல் 29, காலை 6.30 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

ஆறு சந்திப்பு இங்கே எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று மாத மாத்திரை வாங்குபவரை ஆறு வாரம் வரச் சொன்னால் ஆறு நாள் கூலி. நான்காகச் சுருக்குவதுதான் நடக்கும்: முதலாவதும் இரண்டாவதும் நேரில், 15 நாள் இடைவெளியில், தலா 40 நிமிடம். மூன்றாவது போனில், 20 நிமிடம். நான்காவது மாத்திரைத் தேதியில், மறுபடி பி.எச்.க்யூ.-9 போட்டு. 5 மதிப்பெண்ணாவது இறங்கவில்லை என்றால் மருந்து. வைரஸ் அளவு 1000-க்கு மேல் வந்தவருக்கு மாதம் ஒன்றாக மூன்று கூடுதல் ஆலோசனை ஏற்கனவே விதியில் இருக்கிறது. அந்த மூன்று அமர்விலேயே இதை உட்கார வைத்துவிடலாம், தனி நாள் தேவையில்லை.

மே 6, இரவு 9.20 | திருவொற்றியூர் நர்ஸ்

போன் சந்திப்பு சரியா வரல. வீட்டுக்கு ஒரு போன், ஒரே ரூம். பேச ஆரம்பிச்சா "அப்புறம் பேசுறேன்"னு வெச்சிடுறாங்க.

மே 6, இரவு 10.50 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

போனில் அவரைப் பேச வைக்கவே வேண்டாம். அவர் "ஆமா", "இல்ல", ஒரு எண், இவ்வளவு சொன்னால் போதும் என்கிற மாதிரி கேள்வி கேளுங்கள். "போன தடவை பேசினது செஞ்சீங்களா? தூக்கம் பத்துக்கு எத்தனை? இப்ப பேச வசதியா?" வசதியில்லை என்றால் அவர் சொல்லும் நேரத்துக்கு. தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும் நேரம், பிள்ளையை ஸ்கூலில் விட்டுத் திரும்பும் வழி, ஷிஃப்ட் முடிந்து நடந்து வரும் நேரம். இவை எல்லாம் ஹவுசிங் போர்டு வீட்டைவிடத் தனிமையானவை.

முதல் நாளே நான்கு விஷயத்தை வெள்ளை அட்டையில் குறியுங்கள்: யாருடைய எண், எத்தனை மணிக்கு, வேறு யாராவது எடுத்தால் யார் என்று சொல்வது, எந்தச் சொல்லைச் சொன்னால் பேச்சை நிறுத்துவது. வாட்ஸப்பில் எதையும் எழுதாதீர்கள். மதிப்பெண்ணைப் பச்சைப் புத்தகத்தில் எழுதாதீர்கள், அது வீட்டுக்குப் போகும். மையத்திலேயே இருக்கும் அந்த வெள்ளை அட்டையில் வெறும் எண்ணாக எழுதினால் போதும்.

மே 19, மதியம் 1.35 | மனநல மேற்படிப்பு மாணவர்

பிறவியிலேயே நோயோடு வந்த பிள்ளைகள் இப்போது பதின்வயதிலும் இருபதுகளிலும் இருக்கிறார்கள். பெற்றோர் இல்லாமல் பாட்டி வளர்த்த பிள்ளைகள் பலர். இவர்களுக்கு மேலே சொன்ன தாளுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எதற்கு மாத்திரை என்று தெரியுமா? "சளிக்கு", "சத்துக்கு" என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். 14 வயதில் பையன் கூகுளில் மாத்திரைப் பெயரைத் தேடித் தெரிந்துகொண்டு அதே வாரம் நிறுத்துவான். ஆறேழு வயதிலிருந்து படிப்படியாக, வயதுக்கு ஏற்ற மாதிரி சொல்லி, 12 வயதுக்குள் நோயின் பெயர் வரை வந்துவிட வேண்டும். பாட்டியைத் தயார் செய்வதுதான் அதில் முக்கால் வேலை.

ஜூன் 3, இரவு 9.40 | திருவொற்றியூர் நர்ஸ்

மேலேருந்து அறிக்கை கேட்கிறாங்க, எத்தனை பேருக்குக் கேள்வித்தாள் போட்டீங்கன்னு. அதை மட்டும் அனுப்பினா போதுமா மேடம்? அப்புறம் மழைக்கு என்ன பண்றது? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணி வடியற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் எங்கேயும் போக முடியல.

ஜூன் 3, இரவு 11.55 | ராயபுரம் ஆற்றுப்படுத்துநர்

கேட்ட எண்ணை அனுப்புங்கள். ஆனால் உங்கள் நோட்டில் வேறு நான்கு எண் இருக்கட்டும். பி.எச்.க்யூ.-2-இல் 3-ஐத் தொட்டவர்களில் எத்தனை பேருக்கு அன்றே பெரிய தாள் போட்டோம். 10-ஐத் தொட்டவர்களில் எத்தனை பேரை 15 நாளுக்குள் இரண்டாம் முறை பார்த்தோம் அல்லது பேசினோம். 12 வாரத்தில் எத்தனை பேருக்கு மதிப்பெண் பாதியானது. அவர்களுடைய அடுத்த வைரஸ் அளவு என்ன. முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது விழுந்தால் ஆற்றுப்படுத்துநர் நாளைக் கூட்டக் கேளுங்கள், இந்த நோட்டுதான் ஆதாரம். மூன்றாவது விழுந்தால் பயிற்சி போதவில்லை, அல்லது மருந்து தேவைப்பட்டவருக்குப் பேச்சையே இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

மழைக்கு: அக்டோபர் மாதத்து வருகையில் எல்லோருடைய தேதியையும் பாருங்கள். நவம்பர் 15-க்கும் டிசம்பர் 15-க்கும் நடுவில் மாத்திரை தீர்கிறவருக்கு ஒரு மாதம் கூடுதலாக, மனச்சோர்வு மருந்தும் சேர்த்து. எசிடலோபிராம், செர்ட்ராலின் திடீரென நின்றால் இரண்டு மூன்று நாளிலேயே தலைசுற்றலும் எரிச்சலும் வரும். ஃபுளுவாக்ஸெடின் உடம்பில் வெகுநாள் தங்குவதால் கொஞ்சம் தாங்கும். வாரத்துக்கு மட்டும் மாத்திரை கொடுக்கிறோமே, அந்த ஆட்களின் பட்டியல் தனி. அவர்களுக்குக் கூடுதல் கொடுக்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்த அன்றே போன் செய்து, எடுத்துப் போய்க் கொடுக்க எந்தக் களப்பணியாளர் எந்தத் தெரு என்று பிரித்து வையுங்கள்.

ஜூன் 4, காலை 6.50 | மருந்தாளுநர், பெரம்பூர்

அந்த ஒரு மாதக் கூடுதலுக்கு ஆகஸ்டிலேயே தேவைப் பட்டியல் எழுத வேண்டும் சிஸ்டர். அக்டோபரில் எழுதினால் டிசம்பரில்தான் கைக்கு வரும்.